16 வயதுப் பிள்ளையும் முதல் காரும்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:
வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து ஸ்காபரோவுக்கு நாங்கள் வந்து 9 மாதங்கள் ஆகின்றன. வரும் மாதம் மகளுக்கு 16 வயது நிறைகிறது. அவளுடைய தோழிகள் எல்லோரும் ஜி1 என்னும் பழகுநர் உரிமத்துக்கான தேர்வை எழுதத் தயாராகிறார்கள். அவளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஊரில் 18 வயதுக்கு முன்னால் கார் சாவியைத் தொடவே விடமாட்டோம் என்பதால் எனக்கும் மனைவிக்கும் தயக்கமாக இருக்கிறது. அவளுக்கென்று பழைய கார் ஒன்றை இப்போதே வாங்கிவிட்டால் அதிலேயே பழகிக்கொள்வாள் என்கிறார் உறவினர் ஒருவர். எனக்கு ஊரில் 18 ஆண்டுகள் ஓட்டிய பழக்கம் உண்டு. இங்கே போன மாதம்தான் ஜி2, அதாவது தனியாக ஓட்ட விடும் இடைநிலை உரிமம், எடுத்தேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:
வணக்கம் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே 27 ஆண்டுகளைக் கழித்தவன், மூன்று பிள்ளைகளுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து இல்லாத பிரேக்கை மிதித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசிச் செய்திதான் முதலில் கவனிக்க வேண்டியது. ஜி1 வைத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்பவரிடம் முழு ஜி உரிமமும் குறைந்தது 4 ஆண்டு ஓட்டிய அனுபவமும் இருக்க வேண்டும். ஜி2 வைத்திருக்கும் நீங்கள், ஊரில் எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும், இன்றைக்கு உங்கள் மகளுக்குப் பக்கத்தில் சட்டப்படி அமர முடியாது. இது தெரியாமல் எத்தனையோ தகப்பன்மார் சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே முதல் வேலை உங்கள் ஜி.

உங்களுக்கு உரிமம் வழங்கிய அலுவலகத்திடமிருந்தோ தூதரகத்திடமிருந்தோ அனுபவத்தை உறுதிப்படுத்தும் கடிதம் பெற்றுக் கொடுத்தால், ஊரில் ஓட்டிய ஆண்டுகள் இங்கே கணக்கில் ஏறும். ஜி2வில் 12 மாதம் காத்திருக்காமலே ஜி தேர்வுக்குப் போகலாம். கடிதம் இல்லாமல் வெறுமனே எழுதிக் கொடுத்தால் அதிகபட்சம் ஓராண்டைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். பக்கத்து இருக்கைக்குரிய 4 ஆண்டு அனுபவம் உங்கள் பதிவில் எப்படி இடம்பெறுகிறது என்பதையும் கடிதம் கொடுக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் முழு உரிமம் உள்ள உறவினர் ஒருவரைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மகள் 16 நிறைந்த அன்றே ஜி1 எழுதலாம். சாலை விதிகளில் 20 கேள்விகள், சாலைக் குறியீடுகளில் 20 கேள்விகள். இரண்டிலும் தனித்தனியே 16 சரியாக இருக்க வேண்டும். இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது பாட்டி தாத்தாமாருக்குத்தான் பயன்படும். உங்கள் மகளுக்குத் தேவைப்படாது. ஜி1இல் 12 மாதம் இருக்க வேண்டும். மாகாணப் போக்குவரத்து அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சியை முடித்தால் அது 8 மாதமாகக் குறையும். அந்தப் பயிற்சியில் வகுப்பு 20 மணி, காரில் 10 மணி, வீட்டுவேலை முதலியவை 10 மணி. நம் கடைத்தெருக் கதவுகளில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களில் எல்லோரும் அங்கீகாரம் பெற்றவர்கள் அல்லர். மலிவாகச் சொல்லிக்கொடுக்கும் தனி ஆசிரியரிடம் பழகுவதில் தவறில்லை. ஆனால் 4 மாதக் குறைப்பும் காப்புறுதிக் கழிவும் அதில் கிடைக்காது. பணம் கட்டுவதற்கு முன் அமைச்சின் இணையப் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஜி1இன் கட்டுப்பாடுகளில் நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நம்முடைய பிறந்தநாள் விழாவும் பூப்புனித நீராட்டு விழாவும் மண்டபத்தில் இரவு 12 மணிக்கு முன் முடிந்து நான் பார்த்ததில்லை. தகப்பன் இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு, “பிள்ளைக்கு ஜி1 இருக்கிறதே, அவள் ஓட்டட்டும்” என்பார். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஜி1இல் ஓட்டக் கூடாது. அதற்கு முன்னரே கிளம்பினாலும், பக்கத்தில் அமர்பவரின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். ஓட்டும் பிள்ளைக்கோ அது சுழியமாக இருக்க வேண்டும். ஜி2 வந்த பிறகும், முழு ஜி வந்தாலும் 22ஆவது பிறந்தநாள் வரையிலும் அப்படியே.

ஜி1இல் 401 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளிலும், டொன் வலி பார்க்வே, கார்டினர் போன்ற விரைவுச்சாலைகளிலும், உரிமம் பெற்ற பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் ஏறக் கூடாது. நல்ல விதிதான், ஆனால் அதன் விளைவைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஜி2 தேர்வு நகரச் சாலைகளில் நடக்கிறது. காலையில் அதில் தேறிய பிள்ளை, அன்று மாலையே தன்னந்தனியாக 401இல் ஏறலாம், சட்டம் தடுக்காது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் லொறிகளுக்கு நடுவே முன்பின் நுழைந்தே பார்த்திராத பிள்ளையாகவும் அவள் இருக்கலாம். ஆகவே பயிற்சிப் பள்ளியில் சேரும்போதே, காரில் ஓட்டும் 10 மணியில் இரண்டு மணியையாவது 401இல் தர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஜி2 கிடைத்தபின் முதல் ஒரு மாதம் நெடுஞ்சாலைக்கு நீங்களும் கூடவே போங்கள். சுலபமாகத் தேறலாம் என்று பிள்ளைகளை லின்ட்சே போன்ற சிறு நகரங்களுக்குக் கூட்டிப்போகும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. தேறிவிடலாம்தான், ஆனால் திரும்பி வந்து ஓட்டப்போவது மார்க்கம் ரோட்டில்.

10 மணி நேரம் போதவே போதாது. சிட்னியில் இருக்கும் என் தங்கையின் மகன், 120 மணி நேரம் ஓட்டி, அதில் 20 மணி இரவில் ஓட்டி, எல்லாவற்றையும் குறிப்பேட்டில் பதிந்த பிறகுதான் தேர்வுக்கே போனான். அங்கே 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது விதி. ஒன்ராறியோவில் அப்படிக் கணக்கு எதுவும் கேட்பதில்லை. நாமே ஒரு கொப்பி வைத்துக்கொண்டால் ஆயிற்று. என் வீட்டில் 60 மணிக்கு முன் தேர்வுக்கு நாள் எடுக்கவில்லை.

அதில் சில மணி நேரம் பனியில் அமைய வேண்டும். மூத்தவனை ஒரு தை மாத ஞாயிறு காலையில், தெரிந்தவருடைய பண்டகசாலை ஒன்றின் வெறுமையான வாகனத் தரிப்பிடத்துக்கு, அவரிடம் கேட்டுக்கொண்டு கூட்டிப்போனேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நான் “இப்போது” என்றதும் பிரேக்கை முழுதாக மிதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மிதித்தான், சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கியதும் காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதைத்தது. கார் உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டான். கார் வழுக்கிக்கொண்டே போய்ப் பனிமேட்டில் மூக்கை நுழைத்து நின்றது. அந்த உதைப்புத்தான் பிரேக் வேலை செய்வதற்கான அடையாளம், காலை எடுக்கவே கூடாது என்பதை ஐந்தாறு முறை மிதித்துப் பார்த்த பிறகுதான் அவன் கால் ஒப்புக்கொண்டது.

இனி காருக்கு வருகிறேன். உங்கள் உறவினர் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்வேன்: காரைக் கடைசியில் வாங்குங்கள், முடிந்தால் வாங்கவே வேண்டாம். காப்புறுதி நிறுவனங்கள் வீட்டில் எத்தனை சாரதிகள், எத்தனை கார்கள் என்று எண்ணிப் பார்க்கும். மூன்று சாரதிகளுக்கு இரண்டு கார் என்றால் மகள் ‘எப்போதாவது ஓட்டுபவர்’ என்ற கணக்கில் சேருவாள். மூன்றாவது காரை வாங்கிய கணமே அவள் அதன் முதன்மைச் சாரதி ஆகிவிடுவாள், கட்டணம் தாவிவிடும். ஜி1 எடுத்ததும் உங்கள் நிறுவனத்துக்கு அறிவித்துவிடுங்கள். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. ஜி2 கிடைத்ததும் கட்டாயம் சேர்க்க வேண்டும். குடியிருக்கும் இடத்தின் அஞ்சல் குறியீடு, காரின் வகை எல்லாம் கணக்கில் வருவதால், ஸ்காபரோவில் காரின் விலையைவிட இரண்டாண்டுக் காப்புறுதி அதிகமாக வந்த வீடுகளை அறிவேன். காரைப் பார்க்கப் போவதற்கு முன், அதன் ஆண்டையும் வகையையும் சொல்லி மூன்று இடங்களிலாவது கட்டணம் கேளுங்கள். விண்டர் டயர் போட்டால் கழிவு கொடுக்க வேண்டும் என்பது 2016 முதல் விதி; அதையும் கேட்டு வாங்குங்கள். இங்கே அந்த டயர் கட்டாயமில்லை, ஆனாலும் என் கணக்கில் கட்டாயம்தான்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், 2012க்கு முந்திய வகைகளில் எனக்கு மனமில்லை. 2011 செப்டெம்பர் முதல் கனடாவில் விற்பனைக்கெனத் தயாரான கார்களில், வழுக்கும்போது வண்டியை நேராக்கும் மின்னணு நிலைப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. பனியில் இளஞ்சாரதிக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது. மிகச் சிறிய கார் வேண்டாம், மோதலில் தாங்காது. பெரிய பிக்கப்பும் வேண்டாம், நிறுத்தக் கூடுதல் தூரம் எடுக்கும். வேகம் காட்டும் வண்டி வேண்டவே வேண்டாம். அலுப்பூட்டும் கொரொல்லாவோ மஸ்டா 3யோ நடுத்தரக் கேம்ரியோ போதும். சி.ஆர்.-வி போன்று அதிகம் களவுபோகும் வகைகளுக்குச் சில நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் கேட்கின்றன.

தனியாரிடம் வாங்கும்போது, பழைய வாகனத் தகவல் தொகுப்பை விற்பவர் உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். அந்தக் காரின் மேல் கடன் இருக்கிறதா, இதுவரை யார் யார் பேரில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். 13 விழுக்காடு வரியைக் குறைப்பதற்காகப் பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். நீங்கள் கொடுத்த விலை, மொத்த விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. அதோடு, குனிந்து பாருங்கள். நான் வாங்கிய இரண்டாவது கார் மேலே கண்ணாடிபோல் மின்னியது. கதவுக்குக் கீழே ஓடும் நீள விளிம்பை விரல் மடிப்பால் தட்டிப் பார்த்திருந்தால், டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்பொத்தென்று கேட்டிருக்கும். சாலை உப்பு உள்ளேயிருந்து தின்றுவிட்டது. சேஃப்டி, அதாவது கார் ஓட்டத் தகுதியானது என்ற சான்றிதழ், கிடைக்கவில்லை, வெல்டிங் செலவு காரின் பாதி விலைக்கு வந்தது.

இடையில் ஒரு கேள்வி, மார்க்கத்திலிருந்து:
ஐயா, மகனுக்கு 18 வயது, ஜி2 வைத்திருக்கிறான். தினமும் கல்லூரிக்குக் காரில் போகப்போகிறான். காரை என் பேரில் பதிந்து, நானே முதன்மைச் சாரதி என்று போட்டால் காப்புறுதி பாதியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்:
செய்யாதீர்கள் அம்மா. கார் உங்கள் பேரில் இருப்பதில் தவறில்லை. அதை அன்றாடம் ஓட்டுபவர் யார் என்று கேட்கும்போது பொய் சொல்வதுதான் தவறு. விபத்து நடந்த பிறகு கல்லூரி நேரத்தையும் தரிப்பிட அனுமதியையும் பார்த்து அவர்கள் கண்டுபிடித்தால், காருக்கான இழப்பீட்டை மறுக்கலாம், ஒப்பந்தத்தையும் இரத்துச் செய்யலாம். அதன் பிறகு உங்களுக்கு வேறிடத்தில் நியாயமான விலைக்குக் காப்புறுதி கிடைப்பது கடினம். மகனை விலக்கிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் வழியும் உண்டு. போட்டபின் அவன் ஒரு நாள் பால் வாங்கப் போனாலும் காப்புறுதி இல்லாமல் போனதாகவே கொள்ளப்படும்.

கார் உங்கள் பேரில் இருப்பதில் இன்னொன்றும் உண்டு. 80க்குக் குறைந்த வேக எல்லையில் 40 கிலோமீட்டரும், மற்ற இடங்களில் 50 கிலோமீட்டரும் மிஞ்சி ஓட்டிப் பிடிபட்டால், அந்த இடத்திலேயே 30 நாள் உரிமம் போகும், 14 நாள் வண்டியும் போகும். ஓட்டியவன் மகன், நடந்து வேலைக்குப் போகிறவர் நீங்கள். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டினால், ஜி2க்காரருக்கு முதல் தடவை 30 நாள், இரண்டாவது தடவை 90 நாள் உரிமம் நிறுத்தம். மூன்றாவது தடவை உரிமமே இரத்தாகி ஜி1இலிருந்து தொடங்க வேண்டும். அவனுக்கு 20 வயது ஆகும்வரை, ஜி2 எடுத்த முதல் 6 மாதத்தில், நள்ளிரவிலிருந்து காலை 5 மணிக்குள் 19 அல்லது அதற்குக் குறைந்த வயதுள்ள ஒரேயொருவரைத்தான் ஏற்றலாம். தம்பி தங்கை போன்ற நெருங்கிய குடும்பத்தினருக்கு விலக்கு உண்டு. நண்பர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீண்டும் முதல் கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இன்றே அண்ணனை அனுப்புகிறேன். ஒன்று மட்டும்: மனைவியின் தம்பி தன்னுடைய 2014 கொரொல்லாவைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். எங்களிடம் இப்போது ஒரே கார்தான். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்:
ஒரே கார்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள். மனைவியும் ஓட்டுபவர் என்றால் இரண்டு காருக்கு மூன்று சாரதிகள், நான் சொன்ன கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் உங்கள் பேரிலோ மகள் பேரிலோ மாற்ற வேண்டாம். உடன்பிறந்தவர்களுக்கிடையே அன்பளிப்பாகக் கொடுத்தால் வரி இல்லை. அக்காவின் கணவருக்கோ அக்காவின் மகளுக்கோ கொடுத்தால் அந்த விலக்கு வராது. ஆகவே தம்பியிடமிருந்து அக்காவின் பேருக்கு மாறட்டும். குடும்ப அன்பளிப்பு என்ற சத்தியப்பத்திரத்தையும் சேஃப்டி சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மாகாண அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் ஒன்ராறியோவுக்குப் போங்கள். சேஃப்டி 36 நாள்தான் செல்லும். இலக்கத்தகடு காரோடு வராது, தம்பி கழற்றி வைத்துக்கொள்வார். கொண்டுவருவதற்கு முன் கதவுக்குக் கீழே ஒருமுறை தட்டிப் பாருங்கள். தம்பி குறை நினைக்கமாட்டார்.