64 ரிவியெராவா, 65 தண்டர்பேர்டா? ஒரு கார் நிறுத்தத்தான் இடம்

கராஜ்வாசி:
1964 பியூக் ரிவியெரா ஒன்று, 1965 ஃபோர்டு தண்டர்பேர்ட் ஹார்ட்டாப் ஒன்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. போர்த்தி வைத்து அழகு பார்க்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட வேண்டும், பத்து வருடம் கழித்து விற்றால் கையைக் கடிக்கவும் கூடாது. ரிவியெராவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது, ஆனால் தண்டர்பேர்டில் உட்கார்ந்த பிறகு இறங்க மனம் வரவில்லை. எதை எடுக்கலாம்?

பழைய பிஸ்டன்:
ரிவியெரா. அதிலும் 64 கிடைத்திருக்கிறதே, விடாதீர்கள். 63-இல் இருந்த டைனாஃப்ளோ கியர்பாக்ஸ் வழவழவென்று போகும், ஆனால் மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். 64-இல் மூன்று கியர் உள்ள சூப்பர் டர்பைன் 400 வந்துவிட்டது, அதில் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பதும் சுலபம். இன்ஜின் 425 கன அங்குலம், 340 குதிரைத்திறன். 65-இல் முன்விளக்குகளைத் திறந்து மூடும் கதவுகளுக்குள் ஒளித்தார்கள், பார்க்க அழகுதான், மோட்டார் மக்கர் பண்ணினால் ராத்திரியில் திண்டாட்டம். விற்கும்போதும் இதுதான் மேல்: 63-இல் ரிவியெரா 40,000 என்று அளவு வைத்துத்தான் செய்தார்கள், தண்டர்பேர்ட் 64-இல் மட்டும் 92,000-க்கு மேல். ஒன்று, நெயில்ஹெட் என்று செல்லப்பெயர் உள்ள அந்த ரிவியெரா இன்ஜினைப் பிரித்தால் தண்டர்பேர்டின் 390 இன்ஜினை விடச் செலவு கூடும், அதற்கும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

மூன்றாம் கியர்:
பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! 65 தண்டர்பேர்டில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கம்பெனியிலிருந்தே வருகிறது. ரிவியெராவில் நாலும் டிரம். நல்ல டிரம்தான், இருந்தாலும் இரண்டு டன்னை ஒட்டிய காரை நீளமான மலைச்சரிவில் இறக்கிப் பாருங்கள், டிரம் சூடேறிப் பிடி தளரும், அப்புறம் பேசலாம். தண்டர்பேர்டில் கியரைப் பார்க்கில் போட்டால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் தள்ளலாம், அப்படி நகர்ந்து இறங்க வழிவிடும், பின்னால் இண்டிகேட்டர் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக எரியும். ஓட்டத்தானே வாங்குகிறார்?

பழைய பிஸ்டன்:
பிரேக் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த இண்டிகேட்டருக்குப் பின்னால் சின்ன மோட்டார் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, அது நின்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருக்கலாம். அதைவிட முக்கியம், தண்டர்பேர்டுக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. அடியில் துரு பிடித்தால் அது வெறும் டிங்கரிங் வேலை இல்லை, காரின் எலும்பே போன மாதிரி. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் மேலே ஒன்றும் தெரியாது. கையில் ஒரு காந்தத்தோடு போங்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது; ஜாக்கி போட்டுத் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் அடியில் நுழையாதீர்கள்.

கராஜ்வாசி:
நேற்று இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். தண்டர்பேர்டின் தரையில் பழைய தகடு மேலேயே புதுத் தகட்டை வெல்டு வைத்து, அதற்கும் மேல் தாரைப் பூசி மூடியிருக்கிறார்கள், விற்பவரிடம் கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறார். ரிவியெராவில் பின்சக்கர வளைவில் கொஞ்சம் துரு, சேசிஸ் சுத்தம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். முதல் வேலை பிரேக்தான், மூன்றாம் கியர் திட்ட வேண்டாம். அந்த நகரும் ஸ்டீயரிங் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.