வெட்டிச் சுருக்கிய பாக்டீரியாவால் என்ன லாபம்?

மண்வாசனை: நுண்ணுயிரின் ஜீனோமை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏவைக் குறைப்பது வெறும் ஆய்வக விளையாட்டு என்று போன இழையில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவெர்மிட்டிலிஸை எடுத்துக்கொள்ளுங்கள், அவெர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தைத் தருகிற அதே மண் பாக்டீரியா. ஜப்பானியர்கள் அதன் டிஎன்ஏவின் 90.2 லட்சம் எழுத்துகளில் 14 லட்சத்துக்கும் மேல் படிப்படியாக வெட்டினார்கள். வழக்கமாக அது சுரக்கும் முக்கியத் துணைப்பொருட்கள் எல்லாம் நின்றுபோயின. அப்புறம் வேறு இனங்களின் மரபணுக் கொத்துகளை, அதாவது ஒரு பொருளைச் செய்யச் சேர்ந்து இயங்கும் மரபணுக்களை, புகுத்தினால், ஸ்ட்ரெப்டோமைசின், செஃபாமைசின் சி ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் அசல் இனங்களில் கிடைப்பதைவிடக் கூடுதலாக வந்தன. 2010இல் வெளியான ஆய்வு இது.

நொதிகலன்: அதே ஆய்வில் மூன்றாவது கொத்து ஒன்று உண்டே, பிளாடியெனோலைடு என்ற பொருளுக்கானது. முழுக் கொத்தையும் போட்டும் வரவில்லை. கட்டுப்பாட்டு மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்றை வேறு புரமோட்டரில் (மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதி) ஓடவிட்ட பிறகுதான் வந்தது. அப்படியென்றால் வேலை செய்தது கத்தரிக்கோலா, சாவியா? இன்னொன்று, 2016இல் வந்த, ஜீனோமை முடிந்தவரை சுருக்கிச் செயற்கையாகச் செய்த சின்3.0 செல்லில் 473 மரபணுக்கள்தான், ஆனால் அது இரட்டிப்பாக சுமார் 3 மணி நேரம் ஆகும், அதன் முன்னோடிக்கு 1 மணி நேரம் போதும். தொட்டியில் வளர்ப்பு மந்தமாக இருந்தால் எங்கிருந்தோ நுழைந்த ஒரு பேசில்லஸ் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் தின்றுவிடும், காலையில் மூடியைத் திறக்கும்போதே புளித்த வாடை அடிக்கும்.

மண்வாசனை: சின்3.0-ஐ இதில் இழுக்காதீர்கள். உயிர் வாழக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று பார்க்கச் செய்தது அது. இங்கே 80 சதவீதத்துக்கும் மேல் அப்படியே இருக்கிறது. வெட்டாத காட்டு ரகத்தின் சாற்றை ஹெச்பிஎல்சியில் (கலவையைப் பொருள் பொருளாகப் பிரித்துக் காட்டும் கருவி) நானே ஓட்டியிருக்கிறேன், தாள் முழுக்க முகடுகள், முகட்டுக்கு ஒரு பொருள், தேடுகிற பொருளின் முகடு இன்னொன்றின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்கவே வாரக்கணக்கில் கரைப்பானை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

நித்யகல்யாணி: நான் நொதிகலன் பக்கம். 2022இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் இரு பாதிகளான கேதரான்தினையும் வின்டோலினையும் ஈஸ்ட்டில் செய்தார்களே, அங்கே 34 வெளி மரபணுக்களைச் சேர்த்தார்கள், ஈஸ்ட்டின் சொந்த மரபணுக்களில் கைவைத்தது பத்தில்தான். அந்த இரண்டையும் இணைத்தது வேதியியல் முறையில். அந்த மருந்துக்கு நித்யகல்யாணிச் செடியை மட்டுமே நம்பியிருக்கும் நிலை மாற வேண்டும் என்பதுதான் என் கவலை, அதற்கு மருந்தை உண்டாக்கும் வேதிவினைப் பாதையைச் செல்லுக்குள் கட்டத் தெரிய வேண்டும்.

நொதிகலன்: சுத்தமான பின்னணி உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடங்க வேண்டியது அங்கே இல்லை.

மண்வாசனை: பிளாடியெனோலைடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் கொத்து ஊமையாக இருக்கிறது என்பது சட்டென்று தெரிந்ததே, மற்ற இரைச்சலை முதலிலேயே வெட்டி எறிந்ததால்தான் என்பேன்.