டிராப் டியூனிங்குக்குத் தமிழ்ச் சொல்: ஐந்தந்தி பேஸை வைத்து ஒரு மறுபரிசீலனை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கிட்டாரின் மிகத் தடித்த தந்தியை மட்டும் வழக்கத்தைவிட இறக்கி வைக்கும் டிராப் டியூனிங் என்ற முறைக்கு நம் குழுமத்தில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: வீழ்சுருதி, தாழ்சுருதி, தளர்தந்தி, நான் முன்மொழிந்த அடியிறக்கம். நான்கையும் ஐந்தந்தி பேஸ் கிட்டாரில் பொருத்திப் பார்த்தபின், என்னுடையது உட்பட எதுவும் நிற்காது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். (ஐந்திணை போல ஐந்தந்தி என்று எழுதுவதில் யாருக்கும் தடை இராது என்று நம்புகிறேன்.) கருவியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால், சொற்களை எடைபோடுவது எளிதாகும்.

ஐந்தந்தி பேஸின் தந்திகள், தடித்ததில் தொடங்கி மெல்லியது வரை, மேலை இசையின் சுரப்பெயர்களில் பி, இ, ஏ, டி, ஜி என்று அமைகின்றன. அடுத்தடுத்த எந்த இரு தந்திகளை எடுத்தாலும் அவற்றின் உறவு ச–ம, அதாவது பழந்தமிழ் இசையில் குரலுக்கும் உழைக்கும் உள்ள உறவு. இப்போது மற்ற நான்கையும் தொடாமல், தடித்த பி தந்தியை மட்டும் இரண்டு மெட்டு (கருவியின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி; ஒரு மெட்டு அரைச்சுரம்) அளவு இறக்கி ஏ ஆக்குகிறோம். உடனே அதற்கும் அடுத்த இ தந்திக்கும் இடையே ச–ப உறவு, அதாவது குரல்–இளி, பிறந்துவிடுகிறது. அதற்கும் அடுத்த ஏ தந்தியோ மேல்ஸ்தாயி ச ஆகிவிடுகிறது. வீணையின் பக்கத்தில் தாளத்துக்காகக் கட்டிய மூன்று தந்திகளில் கேட்கும் அதே ச–ப–ச இது. எந்த மெட்டிலும் ஒரே விரலைக் கிடையாக வைத்து மூன்று தந்திகளையும் அழுத்தினால் அந்த அடுக்கு முழுதாக ஒலிக்கும். மெட்டல் இசையில் கிட்டார் கலைஞர்கள் இந்த முறையை விரும்புவதற்கு முதன்மையான காரணம் இந்த ஒற்றை விரல் வசதிதான். ஏழு தந்தி கிட்டாரின் கீழ்த்தந்திகளும் பி, இ, ஏ, டி, ஜி என்றே தொடங்குவதால், கிட்டாரையும் பேஸையும் ஒரே விதமாக இறக்கிவிட்டால் இருவரும் ஒரே விரலமைப்பில், ஒரு ஸ்தாயி இடைவெளியில், ஒன்றாக ஓட முடிகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்த முறையின் உயிர் சுருதி எவ்வளவு தாழ்ந்தது என்பதில் இல்லை. ஒரு தந்தியின் உறவு ச–ம என்பதிலிருந்து ச–ப என்று மாறியதில்தான் இருக்கிறது. தாழ்சுருதி என்ற சொல் தவறிப்போகும் இடம் இதுவே. 1994இல் முதல் தொகுப்பை வெளியிட்ட கோர்ன் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பேஸ் கலைஞர் ஃபீல்டி, தம் ஐந்தந்தி பேஸை ஏ, டி, ஜி, சி, எஃப் என்று வைத்து வாசித்தவர். அங்கும் மிகத் தாழ்ந்த தந்தி ஏ-தான். ஆனால் ஐந்து தந்திகளும் சேர்ந்து இறங்கியிருப்பதால் எல்லா உறவுகளும் ச–ம என்றே நீடிக்கின்றன. விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், தாழ்ந்த தந்தி ஏ என்று மட்டும் கேள்விப்பட்ட மாணவர் அடுத்த தந்தியை டி-யில் வைப்பதா இ-யில் வைப்பதா என்று திகைப்பார். மேலும் நம் பாடகர்கள் "அரைக்கட்டை இறக்கிப் பாடலாம்" என்னும்போது நினைப்பது மொத்தச் சுருதியைத்தான். ஆகவே தாழ்சுருதியை ஃபீல்டி செய்ததற்கு, அதாவது டவுன் டியூனிங்குக்கு, ஒதுக்கிவிடலாம். அங்கே அது மிகப் பொருத்தமான சொல்.

வீழ்சுருதியில் இதே குறையோடு ஓர் இலக்கணக் குறையும் உண்டு. வீழ்தல் தானாக நிகழ்வது. பழைய தந்தியில் சுருதி தானாக விழத்தான் செய்கிறது, அதை நாம் திருத்துகிறோம். இங்கே கலைஞர் தெரிந்தே பிருடையை, அதாவது தந்தியை முறுக்கும் திருகாணியை, திருகி இறக்குகிறார். இறக்குதல் என்ற பிறவினையே இதற்கு வேண்டும், அது இசைக்கலைஞர்களின் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லும்கூட.

தளர்தந்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதை முன்மொழிந்த நண்பர் தந்தி தொளதொளவென்று ஆகிவிடும் என்ற உண்மையான அனுபவத்திலிருந்துதான் பேசினார். பி தந்தியின் அதிர்வெண் 30.87 ஹெர்ட்ஸ், ஏ ஆனதும் 27.5, அதாவது பியானோவின் மிகத் தாழ்ந்த கட்டை. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அதே தந்தியை இறக்கினால் இழுவிசையில் ஏறத்தாழ 21 விழுக்காடு போய்விடும். தந்தி மெட்டுகளில் மோதிக் கடகடக்கும், பலமாக மீட்டினால் சுரம் ஒரு கணம் மேலேறித் திரும்பும். ஆனால் இது தவிர்க்கக்கூடிய விளைவு. அங்குலத்தில் ஆயிரத்தில் 130 பங்கு விட்டமுள்ள தந்திக்குப் பதிலாக 145 பங்குத் தந்தியைக் கட்டினால் இழந்த இழுவிசை கிட்டத்தட்ட முழுவதும் மீண்டுவிடும். தந்தியின் நீளத்தைக் கூட்டுவது இன்னொரு வழி: வழக்கமான 34 அங்குலத்துக்குப் பதிலாக, டிங்வால் நிறுவனத்தின் சாய்மெட்டுக் கருவிகளில் (மெட்டுகளைச் சாய்த்துப் பதித்து, தந்திக்குத் தந்தி நீளம் மாறும்படி செய்தவை) தடித்த தந்திக்கு 37 அங்குலம் தருகிறார்கள். அந்த நீளத்தில் அதே தந்தி ஏ-யில் நிற்கும்போது, 34 அங்குலத்தில் பி-யாக இருந்தபோது கொண்டிருந்த இழுவிசையில் 94 விழுக்காட்டைத் தக்கவைத்துக்கொள்கிறது. நன்றாக அமைத்த கருவியில் தளர்வே இல்லை என்னும்போது, தளர்வைப் பெயராக வைப்பது சரியாகாது. தளர்தந்தி என்பதை அந்தக் குறைபாட்டின் பெயராகவே கலைச்சொல் தொகுப்பில் சேர்த்துவிடலாம் என்பது என் பரிந்துரை.

இனி என்னுடைய அடியிறக்கம். ஒலியில் அடியில் இருக்கும் தந்தி என்ற பொருளில் அதைச் சொன்னேன். கருவியைத் தோளில் மாட்டியிருப்பவருக்குத் தடித்த தந்தி மேலே, முகத்துக்கு அருகில் இருக்கிறது. அடியில் இருப்பது மெல்லிய ஜி. "அடித்தந்தியை இறக்கு" என்றால் தொடக்க மாணவர் ஜி-யின் பிருடையைத்தான் தேடுவார் என்று போன வாரம் ஒருவர் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. அந்தச் சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன்.

இடத்தால் அல்லாமல் ஒலியால் தந்தியைக் குறிக்கும் பெயர் வேண்டும். அது வீணையிலேயே இருக்கிறது: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று வீணைக்காரர்கள் தந்திகளை ஒலியால்தான் அழைக்கிறார்கள். ஆகவே பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியை மந்தரத் தந்தி என்றும், இந்தச் சுருதிமுறையை மந்தர இறக்கம் என்றும் சொல்லலாம். மந்தரத்துக்கு, அதாவது தாழ்ந்த ஸ்தாயிக்கு, பழந்தமிழில் மெலிவு என்ற சொல் உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். அந்தச் சொல்லை நானும் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் கருவியிலேயே மிகத் தடித்த தந்தியை மெலிவுத் தந்தி என்றால், இன்றைய வாசகருக்கு அது மெலிந்த தந்தியாகவே படும்.

வரையறையை இப்படி எழுதலாம்: "மந்தர இறக்கம்: மந்தரத் தந்தியை மட்டும், அடுத்த தந்தியோடு ச–ம உறவில் நிற்கும் நிலையிலிருந்து ச–ப உறவுக்கு இறக்கி வைக்கும் சுருதிமுறை." குறிப்பிட்ட சுரம் எதையும் வரையறையில் சேர்க்கவில்லை. ஐந்து தந்திகளையும் அரைச்சுரம் தாழ்த்தி, பிறகு மந்தரத்தை மட்டும் மேலும் இரண்டு மெட்டு இறக்கினால் ஜி ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், சி ஷார்ப், எஃப் ஷார்ப் என்று வரும். அடித்தளச் சுரம் 25.96 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டாலும் உறவு அதேதான். அதைத் "தாழ்சுருதியில் மந்தர இறக்கம்" என்று குழப்பமின்றிச் சொல்லிவிட முடிகிறது. இரு சொற்களையும் பிரித்து வைத்ததன் பயன் இதில் தெரிகிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுதிப்படவில்லை. பெயராக நிற்கும் சொல் வினையாகவும் ஓட வேண்டும். "பேஸை ஏ-க்கு மந்தரம் இறக்கி வாசித்தார்" என்பது என் காதுக்கு இயல்பாகப்படுகிறது; வீணை வாசிக்கும் நண்பர்களுக்கும் அப்படியே படுகிறதா என்பதை அவர்கள் சொல்லக் கேட்ட பிறகே இதைத் தொகுப்பில் ஏற்ற விரும்புகிறேன்.