கறுப்பு பனியன், ஒயிட் பேஸ்: ஃப்ளாஷுக்கு கார்பன் லாம்ப் போடலாமா?

ஊத்துக்குளி ரோடு:
திருப்பூரில் பனியன் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்கிறோம். ஆட்டோ மெஷினில் இரண்டு ஃப்ளாஷ் (ஒரு கலர் அடித்ததும் அடுத்த ஸ்கிரீனுக்கு முன் இங்க்கை உலர்த்தும் ஹீட்டர்), இரண்டிலும் ஷார்ட் வேவ் (குறுகிய அலைநீள அகச்சிவப்பு) குவார்ட்ஸ் லாம்ப். கறுப்பு காட்டனில் வாட்டர் பேஸ் ஒயிட் (மற்ற கலருக்கு அடியில் போகும், தண்ணீர் கலந்த வெள்ளை இங்க்) அடித்தால்தான் தலைவலி. ஒயிட் பிசுபிசுவென்று இருக்கும்போதே சுற்றியுள்ள துணி சூடேறி கருகல் வாடை வந்துவிடுகிறது. நேரத்தைக் குறைத்தால் அடுத்த ஸ்கிரீனின் அடியில் ஒயிட் ஒட்டிக்கொண்டு வருகிறது. கார்பன் ஃபைபர் லாம்ப் மாற்றினால் சரியாகும், கரண்ட் பில்லும் பாதியாகும் என்கிறார் லாம்ப் விற்பவர். இருக்கிற லாம்ப்புகளும் அடிக்கடி போகின்றன, எப்போதும் ஒயர் சேருகிற ஒரே முனையில். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்க.

ஃபியூஸ் கேரியர்:
பில் பாதியாகும் கதையை ஓரமாக வையுங்க. எந்த லாம்ப்பாக இருந்தாலும் ஒரு கிலோவாட் இழுத்தால் ஒரு கிலோவாட் சூடுதான். அதில் எவ்வளவு இங்க்கில் இறங்குகிறது, எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் மிச்சம் பிடிக்க முடியும்.

உங்கள் ஒயிட் விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஷார்ட் வேவ் லாம்ப்பில் டங்ஸ்டன் கம்பி 2000 டிகிரிக்குப் பக்கத்தில் எரியும், கதிரின் உச்சம் 1 மைக்ரானைச் சற்றுத் தாண்டி இருக்கும். அந்த அலைநீளத்தில் ஒயிட்டில் உள்ள டைட்டானியம் டைஆக்சைடு பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புத் துணி அதைவிட அதிகமாகக் குடிக்கும். கார்பன் இழை 1200 டிகிரி அளவில் எரிவதால் உச்சம் 2 மைக்ரான் பக்கம் வருகிறது. அங்கே தண்ணீரும் நன்றாக வாங்கும், பைண்டரும் (நிறத்தைத் துணியில் பிடித்து வைக்கும் பசை) வாங்கும், கலர் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பழைய மீடியம் வேவ் ஹீட்டர் சூடாகவே ஒன்றிரண்டு நிமிஷம் எடுக்கும்; அதை ஃப்ளாஷில் எப்படி ஆன் ஆஃப் செய்வது? கார்பன் ஓரிரு விநாடியில் ஏறி இறங்கிவிடும். என் கணக்கில் இதற்காகத்தான் அதை வாங்க வேண்டும்.

ஆனால் அதே நீளத்துக்குக் கார்பனில் ஷார்ட் வேவ் அளவு வாட் ஏற்ற முடியாது. மொத்த வாட் எவ்வளவு வரும் என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்க. டப்பாவில் கார்பன் என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாக நாடா மாதிரியோ, முறுக்கிய பட்டையாகவோ தெரிய வேண்டும். வெள்ளிக் கம்பிச் சுருள் தெரிந்தால் அது வேறு சரக்கு.

ஒரே முனையில் போவதற்கு லாம்ப் வகையைக் குறை சொல்ல முடியாது. செத்த லாம்ப் ஒன்றை எடுத்து முனையைப் பாருங்க. தட்டையாக நசுக்கிய குவார்ட்ஸுக்குள் மெல்லிய மாலிப்டினம் தகடு இருக்கும். அது பளபளப்பு போய் நிறம் மாறியிருந்தால், முனை 350 டிகிரியைத் தாண்டி வெந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்க ஃபேனைக் கழற்றினால் பெரும்பாலும் வலை முழுக்கப் பனியன் பஞ்சு அப்பிக்கொண்டிருக்கும். நம் ஊரில் பாதி லாம்ப்பைக் கொல்வதே பஞ்சுதான். அதைச் சரி செய்யாமல் கார்பன் போட்டால் அதுவும் அதே முனையில் போகும். சீல் விட்டுக் காற்று உள்ளே போனால் கார்பன் இழை எரிந்தே போய்விடும்.

சிவகாசி நாலு கலர்:
நாங்கள் காகிதத்தில் ஆஃப்செட், உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று தெரியவில்லை. வாட்டர் பேஸ் கோட்டிங் ஓட்டும்போது ஐஆர் (அகச்சிவப்பு) லாம்ப்பை மட்டும் நம்பினால் வேலைக்காகாது. கிளம்பிய ஆவி தாள் மேலேயே நிற்கும், மழைக்காலக் கொடித்துணி போல. காற்றுக் கத்தி (மெல்லிய இடுக்கு வழியே வேகமாக ஊதும் காற்று) அதைத் தள்ளினால்தான் காயும். லாம்ப்பைக் கூட்டிக்கொண்டே போனால் அச்சாகி வந்த தாள் அடுக்கு சூடாகித் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் அடுக்கின் சூட்டை 35 டிகிரியை ஒட்டியே வைத்திருப்போம். உங்கள் ஃப்ளாஷில் ப்ளோயர் இருக்கிறதா?

ஊத்துக்குளி ரோடு:
ஃபேனைக் கழற்றிப் பார்த்தேன், அண்ணன் சொன்னபடியே பஞ்சு. ப்ளோயர் ஒரு ஃப்ளாஷில்தான் இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: லேசர் கன் (தொடாமலே சூடு பார்க்கும் மீட்டர்) வைத்தால் ஒயிட் மேல் 140 டிகிரி காட்டுகிறது, ஆனாலும் காயவில்லையே? கார்பன் போட்டால் எஸ்எஸ்ஆரும் (லாம்ப்பை ஆன் ஆஃப் செய்யும் சாலிட் ஸ்டேட் ரிலே) மாற்ற வேண்டுமா?

ஃபியூஸ் கேரியர்:
லாம்ப் எரியும்போது பிடித்தீர்களா? அப்படியானால் ஒயிட்டில் பட்டுத் திரும்பும் லாம்ப் கதிரையும் சேர்த்துத்தான் கன் படிக்கிறது. பேலட் (துணி மாட்டும் பலகை) ஃப்ளாஷை விட்டு வெளியே வந்த நொடியில் பிடியுங்க, இல்லாவிட்டால் தொட்டுப் பார்க்கும் புரோப் வாங்குங்க. தண்ணீர் இருக்கிற வரை இங்க் 100 டிகிரியைத் தாண்டாது.

எஸ்எஸ்ஆர் ஆம்பியர் போதுமென்றால் இருக்கட்டும். டங்ஸ்டன்தான் ஜில்லென்று இருக்கும்போது ஓடும் கரண்ட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஒரு கணம் இழுக்கும். கார்பனில் அந்த அடி கிடையாது. மாட்டும்போது தங்கப் பூச்சு உள்ள பக்கம் மேலே, வெறும் குவார்ட்ஸ் துணியைப் பார்த்து இருக்கட்டும். வெறுங்கையால் தொட வேண்டாம். தொட்டுவிட்டால் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஆன் செய்யுங்க. முதலில் ப்ளோயர் இருக்கிற ஃப்ளாஷுக்கு மட்டும் வாங்கிக் கறுப்பு ஆர்டரை அதில் ஓட்டுங்க. மற்றதில் ஷார்ட் வேவே இருக்கட்டும், கலர் துணிக்கு அது போதும்.