பொருள்: ‘ஹார்ட்வேர் சப்போர்ட்’டுக்கு ‘ஆதரவு’ வேண்டாமே

சுங்கை சிப்பூட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இங்கே நடக்கவிருக்கும் ரௌட்டர் வகுப்புக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி (ரௌட்டரில் ஏற்றும் திறமூல நிலைப்பொருள், அதாவது அதை இயக்கும் மென்பொருள்) கையேட்டு வரைவில் ‘வன்பொருள் ஆதரவு’ மூன்று இடத்தில் வருகிறது. மூன்றும் வெவ்வேறு பொருள். அதோடு ‘ஆதரவு’ என்றாலே கடைக்காரர் பழுது பார்த்துத் தருவார் என்றுதான் நம் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்த நிலைப்பொருளை ஏற்றிய மறுநிமிடமே அந்தப் பேச்சு முடிந்துபோகிறது.

முதல் இடம், கருவிப் பட்டியல். இதற்கு ‘ஏற்பு’ போதும்: “இந்தப் பெட்டிக்கு ஏற்பு உண்டா?”

இரண்டாவது, மெனுகான்ஃபிக் திரை; நிலைப்பொருளை நாமே கட்டும்போது அதில் என்னென்ன வேண்டும் என்று தேரும் இடம். அங்கே யுஎஸ்பிக்கு ‘சப்போர்ட்’ என்பது கேமாட் பொதிகளை, அதாவது கெர்னல் எனும் இயங்குதளக் கருவோடு சேரும் இயக்கிகளைத் தேர்வதுதான். ‘இயக்கி சேர்ப்பு’ எனலாம். டார்கெட் சிஸ்டம் (சில்லுக் குடும்பம்), சப்டார்கெட் (அதன் உட்பிரிவு), டார்கெட் புரொஃபைல் (கருவி) மூன்றையும் முதலில் முடித்துவிட்டுத்தான் பொதிகளுக்குப் போக வேண்டும். பிறகு டார்கெட்டை மாற்றினால் முன்பு தேர்ந்தவை கலைந்துபோகும்.

மூன்றாவது, புது நிலைப்பொருளை ஏற்றும் சிஸ்அப்கிரேடு கட்டளை தரும் பிழைச் செய்தி. அங்கே ‘ஆதரவு இல்லை’ என்று எழுதினால் ஆபத்து. ஆதரவுதானே இல்லை, வற்புறுத்திப் பார்ப்போம் என்று ஆள் கட்டாய ஏற்றத்துக்குப் போய்விடுவார். ‘இந்த இம்மேஜ் இந்தக் கருவிக்கு உரியதன்று’ என்றே நேராகச் சொல்லலாம் (இம்மேஜ் என்பது ஏற்றும் நிலைப்பொருள் கோப்பு).

கருத்துச் சொல்லுங்கள்.

ஈப்போவிலிருந்து:

அண்ணே, ‘உரியதன்று’ அருமை. அதை மாற்ற வேண்டாம்.

> “இந்தப் பெட்டிக்கு ஏற்பு உண்டா?”

இங்கேதான் இடிக்கிறது. ஏற்பு என்பது உண்டு, இல்லை என்று இரண்டோடு முடிவதில்லை. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரௌட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் ஓப்பன்டபிள்யூஆர்டி எழுந்து நிற்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓடும், 5 கிகாஹெர்ட்ஸ் ஓடாது. அதிலுள்ள கியூசிஏ9880 வைஃபை சில்லின் முதல் திருத்தத்தை ஏடிஎச்10கே என்ற வைஃபை இயக்கி ஏற்பதில்லை. இரண்டாம் பதிப்பில் இரண்டுமே ஓடும். 4, 5-ஆம் பதிப்புகளில் மூலச் சில்லே வேறு: கியூசிஏ9558 போய் கியூசிஏ9563 வந்துவிட்டது. எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கும் பெயர் ஒன்றுதான். அதனால் ‘முழு ஏற்பு’, ‘பகுதி ஏற்பு’ என்று இரண்டு சொல் வேண்டும். பதிப்பு எண்ணைப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்க்காமல் எதையும் இறக்கக் கூடாது என்ற வரியும் பக்கத்திலேயே வரட்டும்.

‘இயக்கி சேர்ப்பு’ சரி. ஆனால் மெனுகான்ஃபிக்கில் பொதிக்கு முன்னால் போடும் நட்சத்திரத்துக்கும் எம் எழுத்துக்கும் தனிச்சொல் இல்லாவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் அங்கேயே விழுவார்கள். நட்சத்திரம் போட்டால் பொதி இம்மேஜுக்குள் போகும். எம் போட்டால் தனிக் கோப்பாகக் கணினியில் ‘பின்’ என்ற பெயருள்ள அடைவில் கிடக்கும், ரௌட்டருக்குள் வராது. பென்டிரைவ் இயக்கியான கேமாட்-யுஎஸ்பி-ஸ்டோரேஜுக்கு எம் போட்டுவிட்டு, பென்டிரைவ் தெரியவில்லையே என்று போர்ட்டைக் குறை சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது. ‘உள்சேர்ப்பு’, ‘புறச்சேர்ப்பு’ என்கிறேன். இன்னொன்று: நாமே கட்டிய கெர்னலுக்கு அதிகாரபூர்வக் களஞ்சியத்துக் கேமாட் பொருந்தாது. கெர்னலின் முத்திரைக் குறி மாறுபட்டால் பொதி நிறுவி மறுத்துவிடும். ஆகவே செம்பனைத் தோட்டத்துக்குள் 4ஜி டாங்கிளில் ஓடப்போகும் பெட்டிக்கு கேமாட்-யுஎஸ்பி-நெட்-கியூஎம்ஐ-டபிள்யூவான் (டாங்கிளின் இயக்கி), யூகியூஎம்ஐ (அதை இணைக்கும் நிரல்) இரண்டும் உள்சேர்ப்பாகவே போகட்டும். இணையம் கிடைத்த பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்றால், இணையத்தைத் தருவதே அந்த டாங்கிள்தானே!

கடைசியாக, டிவைஸ் ட்ரீ. பலகையில் எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு. வரைவில் ‘கருவி மரம்’ என்றிருக்கிறது. சுங்கை சிப்பூட்டில் மரம் என்றால் பால்மரம்தான் அண்ணே. ‘பலகை விவரம்’ எப்படி?

சுங்கை சிப்பூட்டிலிருந்து:

தம்பி, முழு, பகுதி, உள், புறம் நான்கையும் எடுத்துக்கொண்டேன்.

‘பலகை விவரம்’ முதலில் ஒப்பவில்லை. கணினியியலில் மரம் என்பது நிலைத்த சொல், இந்தக் கோப்பும் கிளை கிளையாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்புக்கு வருபவர் அதில் தொடப்போவது எதை என்று பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சில்லின் எந்தக் காலில் எந்த விளக்கு, ஃபிளாஷில் எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது, வைஃபை அளவீட்டுத் தரவு எங்கே. எல்லாம் பலகையின் சேதிதான். பழைய டார்கெட்டான ஏஆர்71எக்ஸ்எக்ஸ் காலத்தில் இவை ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சி கோப்பாக இருந்தன. அதன் இடத்துக்கு ஏடிஎச்79 வந்தபோது டிவைஸ் ட்ரீக்கு மாறின. 19.07 வெளியீட்டில் இரண்டும் இருந்தன, 21.02-இல் பழையது போய்விட்டது. ஆக ‘பலகை விவரம்’ இருக்கட்டும். உள்ளே வரும் நோடுக்குக் ‘கணு’, தாய்க்கணு, சேய்க்கணு. மரம் அந்த அளவில் பிழைத்துக்கொள்ளும்.

சொல்லோடு ஓர் எடுத்துக்காட்டும் சேர்க்கிறேன். விளக்குக் கணுவில் ‘ஆக்டிவ் லோ’ என்றால் காலில் மின்னழுத்தம் இறங்கும்போது விளக்கு எரியும். இதை மாற்றி எழுதினால் அணைய வேண்டிய நேரத்தில் எரியும், வேறு கேடில்லை. அளவீட்டுத் தரவின் இடம் தவறினால்தான் தொல்லை. ஆர்ச்சர் சி7 இரண்டாம் பதிப்பில் ஃபிளாஷில் இந்தத் தரவைத் தாங்கும் ஏஆர்டி பிரிவுக்குள் பதினறும 1000-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் தரவு, 5000-இல் 5 கிகாஹெர்ட்ஸ் தரவு. எண் பிசகினால் இயக்கி இருக்கும், சில்லும் இருக்கும், வைஃபை மட்டும் எழாது. பார்ப்பவர் இயக்கி சேர்ப்பில் பிழை தேடிக்கொண்டிருப்பார். மூன்றுக்கும் ஒரே ‘ஆதரவு’ கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

ஏஆர்டி பிரிவு அந்தந்தப் பெட்டிக்கே உரியது, அழிந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்து ஒட்ட முடியாது. எனவே எதையும் ஏற்றும் முன் ஃபிளாஷ் பிரிவுகளைப் பட்டியலிடும், புராக் அடைவின் எம்டிடி கோப்பில் அதன் எண்ணைப் பார்த்து, டிடி கட்டளையால் நகலெடுத்துக் கணினியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆர்ச்சர் சி7-இல் நகல் சரியாக 65,536 பைட் இருக்க வேண்டும். திறந்தால் முழுக்க எஃப்எஃப் (வெற்று ஃபிளாஷின் குறி) என்றே தெரிந்தால் பெரும்பாலும் தவறான பிரிவை எடுத்திருக்கிறார் என்று பொருள்.

சப்டார்கெட்டுக்கு ‘உட்குடும்பம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். திரையில் ஆங்கிலத்தில்தான் தெரியும் என்பதால் அதை ஒலிபெயர்ப்பிலேயே விடுகிறேன்.