மரியோ அவுடிடோரே: கூலி வாங்காத கூலிப்படைத் தலைவரா?

வெண்கோட்டை:

அசாசின்ஸ் கிரீட் 2 வீடியோ கேமை மூன்றாம் முறையாக முடித்தேன். இந்தத் தடவை எனக்கு உறுத்தலாக நின்றவர் கதாநாயகன் எட்சியோவின் பெரியப்பா மரியோ. ஆடாதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை சொல்லிவிடுகிறேன். 1476இல் ஃப்ளாரன்ஸில் எட்சியோவின் அப்பாவையும் இரண்டு சகோதரர்களையும் தூக்கில் போடுகிறார்கள். அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு தப்பி வரும் வழியில் எதிரிகள் மறிக்கிறார்கள். ஆட்களோடு வந்து காப்பாற்றி, மான்டெரிஜோனி கோட்டையில் அடைக்கலம் தருபவர் மரியோ. கேம் இவரைக் கொன்டோட்டியேரோ, அதாவது கூலிப்படைத் தலைவர் என்கிறது.

சரி, இவருக்குக் கூலி கொடுப்பது யார்? நான் ஆடிய கதையில் எந்த நகரமும் இவரை அமர்த்தவில்லை. கொன்டோட்டியேரோ என்ற பேரே 'கொன்டோட்டா' என்ற ஒப்பந்தத்திலிருந்து வந்தது. எத்தனை குதிரைவீரர், எத்தனை மாதம், தவணை முடிந்தால் நீட்டிக்க யாருக்கு உரிமை என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். குதிரையின் நிறம், உடம்பில் உள்ள அடையாளம் வரை குறித்துவைப்பார்கள். கணக்கெடுப்பு அன்று நல்ல குதிரையைக் காட்டிவிட்டுப் போருக்கு நொண்டிக் குதிரையை ஓட்டி வந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே. இவ்வளவு சுவையான உலகத்தைத் துடைத்துவிட்டு, பாசக்காரப் பெரியப்பா ஒருவரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். எனக்கு இது ஏமாற்றம்.

சாரல்:

வெண்கோட்டை அண்ணா, கொன்டோட்டியேரோ எல்லாரும் ஊர் ஊராக அலைந்தவர்கள் இல்லையே. உர்பினோவின் ஃபெதெரிகோ தா மோன்டெஃபெல்ட்ரோவைப் பாருங்கள். சொந்த நாட்டுக்குத் தலைவர், அடுத்தவர் போருக்குப் படை வாடகைக்கு விடுபவரும் அவரே. அந்தப் பணம் உள்ளே வந்ததால்தான் உர்பினோ மக்கள்மேல் வரிச்சுமை குறைவாக இருந்தது, அரண்மனையும் நூலகமும் எழுந்தன. பந்தய ஈட்டிச் சண்டையில் ஒரு கண்ணை இழந்தவர். மரியோவுக்கும் ஒரு கண் பழுது. அந்த முகத்தை வரைந்தவர்கள் யாரை நினைத்து வரைந்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சிறிய ஊர், அதைக் காக்கும் தலைவர், அவருக்காக உயிரைக் கொடுக்கும் ஆட்கள். இப்படி ஒரு வகை இருந்தது. கேம் அந்த வகையை எடுத்துக்கொண்டது. தமிழில் 'கூலிப்படை' என்றதும் நமக்குச் செய்தித்தாளில் வரும் கொலைக்கும்பல்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் கண்ணோடு மரியோவைப் பார்த்தால் அவர் நல்லவராகத் தெரிவதே தப்பாகப் படும்.

நூலகத்தெரு:

ஃபெதெரிகோவை சாரல் எடுத்தது நல்லதாகப் போயிற்று. 1478 ஏப்ரல் 26 அன்று ஃப்ளாரன்ஸ் தேவாலயத்தில் பாட்சி குடும்பத்தார் நகரத்தை ஆண்ட லொரென்சோ மெடிசியையும் அவர் தம்பியையும் தாக்கினார்களே, கேமிலும் அந்தக் காட்சி வருகிறது. அந்தச் சதியில் ஃபெதெரிகோவுக்குப் பங்கு உண்டு. அவர் சங்கேத எழுத்தில் எழுதிய கடிதம் ஒன்று பல நூற்றாண்டு கழித்துத்தான் வாசிக்கப்பட்டது. நகரத்துக்கு வெளியே படை தயாராக நிற்க அவர் ஒப்புக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. ஆக, மரியோவுக்கு முகம் கொடுத்தவர் என்று நீங்கள் சொல்பவர் எட்சியோவின் எதிரிகள் பக்கம் நின்றவர்.

ஊரையும் பார்க்க வேண்டும். மான்டெரிஜோனியை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது ஃப்ளாரன்ஸின் பகை நகரமான சியேனா. ஃப்ளாரன்ஸிலிருந்து வரும் பாதையைக் காக்கத்தான் கட்டியது. அந்த வட்டச் சுவரும் 14 கோபுரங்களும் இன்றும் நிற்கின்றன. கவிஞர் தாந்தே நரகத்தின் ராட்சதர்களை அந்தக் கோபுரங்களுக்கு ஒப்பிட்டிருக்கிறார். பாட்சி சதிக்குப் பிறகு மூண்ட போரில் போப்பும் நேப்பிள்ஸும் ஒரு பக்கம், சியேனாவும் அவர்களோடு. எதிரில் லொரென்சோ. அந்தக் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு லொரென்சோவின் நண்பனான எட்சியோவுக்கு ஒருவர் ஆயுதப்பயிற்சி கொடுத்தால், சியேனா ஒரு வாரம்கூடப் பொறுத்திருக்காது.

பட்டறைக்காரன்:

நூலகத்தெரு ஐயா சொல்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும். நான் ஆடுறவன் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன்.

சான் ஜிமிஞானோ மிஷன் ஞாபகம் இருக்கா? ராத்திரி. மரியோவோட ஆளுங்க வாசல்ல சண்டை போட, நாம மதில்மேல ஏறி எட்சியோவோட எதிரி வியேரி தே பாட்சியைக் கொல்றோம். செத்துக் கிடக்கிறவனைப் பிடிச்சு உலுக்கி எட்சியோ திட்டுவான். அப்பா, அண்ணன், தம்பி எல்லாரையும் பறிகொடுத்த கோபம். மரியோ பின்னாடியே வந்து அவனை அதட்டி நிறுத்துவாரு. செத்தவனுக்கு மரியாதை கொடு, நீயும் அவனை மாதிரி ஆயிடாதேங்கிற அர்த்தத்துல. அப்புறம் குனிஞ்சு, லத்தீன்ல அமைதியா உறங்குன்னு சொல்வாரு. அதுக்கப்புறம் கேம் முடியுற வரைக்கும் நாம யாரைக் கொன்னாலும் எட்சியோ அதையேதான் சொல்றான்.

அந்த ஒரு நிமிஷத்துக்காக மரியோ இருக்காரு. நூறு சண்டை பாத்த ஆளுக்குத்தான் அப்படிப் பேச வரும். ஒரு வியாபாரியோ பாதிரியாரோ அதைச் சொல்லியிருந்தா எனக்கு ஒட்டியிருக்காது.

வெண்கோட்டை:

பட்டறைக்காரன் தம்பி, அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கும். அதனால்தான் கோபமே வருகிறது. உங்கள் 'நூறு சண்டை பார்த்த ஆள்' அந்த நூறில் என்ன செய்தார் என்று கேம் சொல்லவில்லை. 14ஆம் நூற்றாண்டில் சியேனா இந்த மாதிரிப் படைகளுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுத்து, எங்கள் நிலத்தை விட்டுப் போங்கள் என்று கெஞ்சியிருக்கிறது. அதே சியேனா, அதே வயல்கள். 1377இல் செசேனா நகரத்தில் ஆங்கிலேயக் கூலிப்படைத் தலைவர் ஜான் ஹாக்வுட்டின் ஆட்களும் பிரெட்டன் படையும் ஆயிரக்கணக்கில் ஊர்மக்களைக் கொன்றார்கள். அதே ஹாக்வுட்டுக்கு ஃப்ளாரன்ஸ் தன் தேவாலயச் சுவரில் ஓவியம் வைத்துக் கௌரவம் செய்தது. அந்த முரண்தான் இந்த மனிதர்களின் கதை.

மனசாட்சி உள்ள கூலிவீரன்தான் வேண்டும் என்றால் வரலாறே ஒருவரைத் தந்திருக்கிறது. ஜோவன்னி பத்திஸ்தா தா மோன்டெசெக்கோ. பாட்சி சதியில் லொரென்சோவைக் கொல்லும் வேலை அவருக்குத்தான். கொலையைத் தேவாலயத்துக்குள் மாற்றியதும் மறுத்துவிட்டார், கோயிலில் ரத்தம் சிந்த மாட்டேன் என்று. அவர் இடத்தில் இரண்டு பாதிரியார்களை அனுப்பினார்கள். பழக்கமில்லாத கைகள். கழுத்தில் ஒரு காயத்தோடு லொரென்சோ தப்பினார். அந்த இரண்டு பாதிரியார்களும், அந்தோனியோ மஃபேயும் ஸ்தெஃபானோ தா பஞ்ஞோனேயும், கேமில் நாம் கொல்லவேண்டிய ஆட்களாக வருகிறார்கள். மறுத்த வீரரை மட்டும் நான் மூன்று முறை ஆடியும் சந்திக்கவில்லை.

சாரல்:

மோன்டெசெக்கோ எனக்கும் மனதைத் தொடுகிறவர். ஆனால் அவரை மரியோவுக்கு எதிராக நிறுத்த முடியாது அண்ணா. கொலைக்கு அவர் சம்மதித்தவர்தானே? இடம்தான் அவருக்குப் பிரச்சினை. விருந்தில் என்றால் குத்தியிருப்பார். பிடிபட்ட பிறகு நீண்ட வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார், மே மாதம் தலையை வெட்டினார்கள். கொல்வது தொழில், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு என்கிற மனம் அது. வியேரியின் பிணத்தருகே மரியோ பேசுவதும் அதே மனம்தான் என்கிறேன். இருவரும் ஒரே பட்டறையில் அடித்த கத்திகள்.

நூலகத்தெரு:

மரியோவின் சாவு பற்றி யாரும் பேசவில்லையே. அடுத்த கேமான பிரதர்ஹுட் தொடக்கத்தில், 1500 ஜனவரியில், போப்பின் மகன் செசாரே போர்ஜியா மான்டெரிஜோனியைப் பீரங்கியால் தகர்த்து, மரியோவை மண்டியிட்ட நிலையில் எட்சியோவின் கண்ணெதிரே சுடுகிறான். ஃபோர்லி நகரை ஆண்ட கத்தெரினா ஸ்ஃபோர்சாவையும் அங்கேதான் பிடிக்கிறான்.

உண்மையில் செசாரே அந்த மாதம் ஃபோர்லியில் இருந்தார். ஜனவரி 12 அன்று கோட்டை விழுந்தது, கத்தெரினா அங்கே பிடிபட்டார். மான்டெரிஜோனிப் பக்கமே படை வரவில்லை. அது பணிந்தது 1554இல், மெடிசி தரப்பிடம். ஃபோர்லி முற்றுகையை அப்படியே பெயர்த்து வேறு ஊரில் வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் செசாரே கையில் கூலிப்படைத் தலைவர்கள் செத்தது கற்பனை இல்லை. 1502 டிசம்பர் 31, செனிகாலியா. தன்னிடமே ஊழியம் செய்த தளபதிகளைச் சமாதானம் பேசலாம் என்று வரவழைத்து, விதெல்லோட்சோ விதெல்லியையும் ஒலிவெரோட்டோவையும் கழுத்தை நெரித்துக் கொன்றார். ஃப்ளாரன்ஸின் தூதராக மாக்கியவெல்லி அப்போது செசாரேயோடுதான் இருந்தார். அவரும் இந்த கேமில் ஒரு பாத்திரம்.

பட்டறைக்காரன்:

ஐயா, இது எனக்குப் புதுசு. செனிகாலியாவை மனசுல வெச்சுக்கிட்டு மரியோ சாகுற இடத்தை இன்னொரு தடவை பாக்கப்போறேன்.

வெண்கோட்டை அண்ணே, ஒண்ணு மட்டும். தெருவுல நிக்கிற கூலிவீரர் கும்பலைக் காசு கொடுத்து அமர்த்துறது நாமதானே? காவலாளிங்கமேல ஏவி விட்டுட்டு நாம நைசா உள்ளே போவோம். அவங்க என்ன ஆனாங்கன்னு ஒரு தடவைகூட நான் திரும்பிப் பாத்ததில்ல. நீங்க தேடுற ஒப்பந்தம் அங்கதான் இருக்கு.

வெண்கோட்டை:

தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அமர்த்துகிறவன் எட்சியோ, அமர்த்தப்படுகிறவர்களுக்குப் பேர்கூட இல்லை. நகர ஆட்சிக் குழுக்கள் இவர்களை நடத்தியதும் ஏறக்குறைய அப்படித்தான்.

சாரல், ஊர்த்தலைவர் என்ற உங்கள் வாதத்தையும் பாதி ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு வேலை சொல்கிறேன். மாளிகையில் தங்கை கிளாடியா வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கொல்லன் கடை, தையற்கடை, மருத்துவர், வங்கி, சுரங்கம் என்று ஒவ்வொன்றாகச் செப்பனிட வருமானம் ஏறிக்கொண்டே போகும், பெட்டியில் பணம் சேரும். படைவீடு ஒன்றும் கட்டுகிறோம். அதில் இருப்பவர்களுக்குச் சம்பளம் என்று ஒரு காசு கழிந்ததை நீங்கள் எங்காவது பார்த்தால் இங்கே வந்து எழுதுங்கள். உர்பினோவில் ஃபெதெரிகோ அந்தச் சம்பளத்துக்காகத்தான் வாழ்நாள் முழுக்கப் போருக்குப் போனார்.