மறு: 'ஹா-ஹா'வுக்குத் தமிழ்ச்சொல்

> 'மறையகழி' போதாதா? புல்வெளியில் ஒரு பள்ளம், அவ்வளவுதானே.

வணக்கம் ஐயா,

'ஹா-ஹா' என்பது தோட்ட எல்லையில் கண்ணுக்குத் தெரியாமல் அமைக்கும் தடுப்பு. அதற்கு 'மறையகழி' போதாது என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோ மாளிகையை எடுத்துக்கொள்வோம். காபம் பிரபுவுக்காக அதன் தோட்டத்தை வடிவமைத்த சார்லஸ் பிரிட்ஜ்மேன் 1720-களில் அங்கே இதை அமைத்தார். மாளிகைப் பக்கம் செங்குத்தான சுவர். அதன் தலை புல்தரை மட்டத்தோடு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் மேய்ச்சல் நிலம் சரிந்து சுவரின் அடிவரை இறங்கும். மேய வந்த மாடு சரிவில் இறங்கிச் சுவரைப் பார்த்து நின்றுவிடும். சன்னலில் நிற்பவருக்கோ தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஒரே பச்சையாகத் தெரியும்.

ஆக, தடுப்பது சுவர். பள்ளம் அதை ஒளித்துவைக்கிறது. அதனால் சொல் 'வேலி' என்று முடியவேண்டும். அகழி என்றதும் நம் மனம் வேலூர்க் கோட்டைக்கும் முதலைக்கும் போய்விடும்.

'மறைவேலி' என்று நானே முதலில் எழுதிப் பார்த்தேன். மறைந்த வேலியா, மறைக்கும் வேலியா? வினைத்தொகை இரண்டுக்கும் இடம்கொடுக்கும். இரண்டாவது என்றால் பொருளே தலைகீழ். போதாக்குறைக்கு 'மறை' வேதத்தையும் இழுத்துவரும்.

பிரெஞ்சில் இதற்கு 'ஓநாய்த் தாண்டல்' என்றும் பெயர் உண்டு. அழகுதான், நமக்கு ஒட்டாது. விளிம்புவரை வந்து திடுக்கிட்டவர்கள் 'ஹா!' என்றதால் ஆங்கிலப் பெயர் வந்தது என்று ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் எழுதினார். ஆனால் 1709-இல் பாரிசில் வெளியான தெசாலியே தார்ஜான்வில்லின் தோட்டக்கலை நூலிலேயே 'ஆ, ஆ' இருக்கிறது. அப்படியே ஒலிபெயர்த்தால் வாக்கியத்தின் நடுவே யாரோ சிரிப்பதுபோல இருக்கும்.

என் பரிந்துரை: அகழ்வேலி. அகழ்ந்து அமைத்த வேலி.

---

> அகழி என்றதும் நம் மனம் வேலூர்க் கோட்டைக்கும் முதலைக்கும்

கோவைப் பக்கத்துக்காரனாக ஒரு மறுப்பு. காட்டோரம் யானை வராமலிருக்கத் தோண்டுவதையும் இங்கே அகழி என்றுதான் சொல்கிறோம். தண்ணீரும் கிடையாது, முதலையும் கிடையாது. செய்வது வேலியின் வேலைதான்.

ஆனால் அதை யாரும் கண்ணுக்குத் தெரியாமல் வெட்டுவதில்லை, சரி. அகழ்வேலிக்குச் சம்மதம். விளக்கத்தில் மட்டும் 'ஒருபக்கச் சுவர், மறுபக்கச் சரிவு' என்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு யாராவது யானை அகழியையும் அகழ்வேலி என்று எழுதிவிடுவார்.